கண்ணாடித் தொட்டியில் குறுவை

என் மருமகள் குந்தவை ஒரு மாதப் பயிற்சிக்குப் பெங்களூர் போனபோது, பேத்தியைச் சென்னையில் தன் அம்மாவிடம் விட்டாள். வலங்கைமானில் இருக்கும் எங்களிடம் ஒரு மீனை விட்டாள். விரல் நீளம், நீல நிறம், விசிறி மாதிரி வால். ஃபைட்டர் மீனாம். ஊறுகாய் பாட்டிலில் வந்து இறங்கியது.

“அத்தை, நல்லதா ஒரு தொட்டி வாங்கி வைங்க. முதல்ல இதைப் பாத்துக்கங்க, அப்புறம் பாப்பாவை விடுறதைப் பத்திப் பேசலாம்” என்றாள் சிரித்துக்கொண்டே.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் பேத்தி எனக்கு வீடியோ காலில்தான் வளர்கிறாள். ஒரு ஆறு மாதமாவது அவள் எங்கள் வீட்டில் தவழ வேண்டும் என்று எனக்கு ஏக்கம். அது இப்போது ஒரு மீனின் உயிரில் தொங்கியது.

என் வீட்டுக்காரர் தியாகராசனை இழுத்துக்கொண்டு தஞ்சாவூர் கலர் மீன் கடைக்குப் போனேன். கடைக்காரர் பொறுமையாகச் சொன்னார்.

“ஒண்டியா வைங்க, இன்னொண்ணைக் கண்டா கடிச்சுக்கும். தண்ணி வேகமா ஓடக் கூடாது. மேல மூடி வைங்க, குதிக்கும். செடி இருந்தா நல்லது. இது அதோட சொந்த நாட்டுல நெல்லு வயல்ல கெடக்குற மீனுங்க.”

இவர் காதில் கடைசி வாக்கியம் மட்டும்தான் விழுந்தது. “அட, நம்ம ஆளு!” என்றார்.

கண்ணாடித் தொட்டியை வாங்கினார். கலர் கல், பிளாஸ்டிக் செடி எதையும் தொடவில்லை. “வயல்ல ஏதுய்யா பிளாஸ்டிக்?” என்று கடைக்காரரையே கேட்டார். வீட்டுக்கு வந்து ஆற்று மணலை அலசிப் போட்டார். குழாய்த் தண்ணீரை ஒரு நாள் வாளியில் வைத்திருந்து ஊற்றினார். அதுவரை எனக்கு ஒரு குறையும் இல்லை. பிறகு நாற்றங்காலுக்குப் போய் ஒரு கைப்பிடி குறுவை நெல் நாற்றோடு வந்தார். மணலில் வரிசை பிடித்து நட்டார். மூடி நாற்றில் இடிக்கிறது என்று கொசுவலையைக் கட்டினார்.

மீன் நாற்றுக்குள் புகுந்து புகுந்து வந்தது. அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது.

பக்கத்து வயல் இளையபெருமாள் வந்து பார்த்தார். “உங்களுக்கு மட்டும் மொறை வைக்காமத் தண்ணி வருது” என்று கிண்டலடித்தவர், போகிற போக்கில் தொட்டியைக் காட்டி, “பயிரு வெளுத்திருக்கே, பாக்கலியா?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

என் வீட்டுக்காரரை நாலு பேர் நடுவில் திட்டினாலும் பொறுத்துக்கொள்வார். அவர் பயிர் வெளுத்திருக்கிறது என்று மட்டும் யாரும் சொல்லக் கூடாது. மத்தியானம் சாப்பிட்ட கையோடு தொட்டிக்கு மேலே கையை நீட்டிக்கொண்டு நின்றார்.

“என்னங்க பண்றீங்க?”

“ஒண்ணுமில்ல. ஒரு சிட்டிகை மேலுரம் போட்டேன்.”

யூரியா! சாமி வந்தவள் மாதிரி கத்தினேன். “அது வயலில்லங்க, மீன் குடியிருக்கு!”

“வயலுக்கு மூட்டை கணக்குல போடுறோம், இதுக்கென்ன…” என்றவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

மீனை அள்ளி வாளித் தண்ணீரில் விட்டேன். அது அடியில் படுத்து வாயைத் திறந்து திறந்து மூடியது. பேத்தி போய்விட்டாள் என்றே அழுதேன். திருவிடைமருதூர் மகாலிங்க சாமியிடம் மீன் பிழைக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்ட ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். இவர் தொட்டியைக் கழுவி, புதுத் தண்ணீர் வைத்தார். நாற்றைத் தூக்கி எறியச் சொன்னேன். கேட்டால்தானே. வேரை அலசி மறுபடியும் நட்டார்.

மறுநாள் மீன் இரை எடுத்தது. எனக்கு உயிர் வந்தது. ஆனால் கொஞ்ச நாளில் நாற்றுக்கு நடுவே, தண்ணீர் மேல் நுரை கட்டியது. யூரியாதான் இன்னும் ஊறுகிறது என்று இவர் டீ வடிகட்டியால் அள்ளிக் கொட்டினார். விடிந்தால் மறுபடி நுரை. அள்ளுவதும் அது கட்டுவதுமாக இருந்தபோதே குந்தவை வந்து நின்றாள்.

நேராகத் தொட்டிக்குப் போனாள், குனிந்தாள், நுரையைப் பார்த்தாள். நான் இவரைப் பார்த்து வாயை மூடிக்கொண்டிருக்கச் சொல்லிக் கண்ணைக் காட்டினேன்.

“நாந்தாம்மா யூரியா போட்டேன்!” என்று மனிதர் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். “பயிரு வெளுத்துப்போச்சு, மனசு கேக்கல. உங்கத்தை மேல தப்பில்லம்மா. பாப்பாவை அவகிட்ட விடு. வேணும்னா நான் போர்செட்டு கொட்டாயில படுத்துக்கறேன்.”

முப்பது வருஷமாக இந்த மனிதரோடு சண்டை போடுகிறேன். அன்றைக்கு அவர் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன்.

குந்தவை அவரையும் தொட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள். “மாமா, இது கூடு. மனசுக்குப் பிடிச்ச இடமா இருந்தா ஆம்பளை மீன் குஞ்சுக்குன்னு இப்படி நுரையில கூடு கட்டி வைக்கும். என் வீட்டுல ஒரு நாளும் கட்டினதில்ல.”

இவர் கையிலிருந்த டீ வடிகட்டியை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

“அடுத்த வாரம் பாப்பாவைக் கூட்டிட்டு வரேன் அத்தை” என்றாள். பிறகு இவர் பக்கம் திரும்பினாள். “மாமா, அவளுக்கு முடி கொஞ்சம் மெதுவாத்தான் வளருது. நீங்க அதுக்கு ஒண்ணும் போட்டுறாதீங்க.”

யூரியா மூட்டையை அன்றைக்கே இளையபெருமாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டேன்.