றேடியோவுக்கு முகமில்லை

காலை பத்து மணிக்கு றேடியோப் பாடம் தொடங்கியது. வட்டக்கச்சிக்கு அப்பால், குடியேற்றத் திட்டத்துப் பாடசாலை ஒன்றில், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் வாங்குகளில் அமர்ந்து மேசையில் இருந்த பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது 1961ஆம் ஆண்டு. பற்றரியில் ஓடும் அந்தப் பெட்டி வந்து ஒரு மாதம்தான்.

பெட்டியோடு கல்விக் கந்தோரிலிருந்து ஒரு கடிதமும் வந்திருந்தது. இனி றேடியோ பாடம் சொல்லும். ஆகவே தலைமையாசிரியரைத் தவிர அங்கிருந்த ஒரே ஆசிரியையான கமலாசனி ரீச்சரை வேறு ஊருக்கு மாற்றலாமா என்று கேட்டிருந்தார்கள். அக்கம்பக்கத்துப் பாடசாலை எதற்கும் கிடைக்காத பெட்டி என்ற பெருமையில், தலைமையாசிரியர் யோகநாதன் சம்மதித்துக் கையெழுத்து வைத்தார்.

போகிற அன்று ரீச்சர் அவரிடம் வந்தார். "சேர், அருந்ததிக்குக் காது கேளாது. என்ர வாயைப் பாத்துத்தான் படிக்கிறவள். அவளை மறந்திடாதேங்கோ."

"நான் பாத்துக்கொள்ளுறன், பிள்ளை."

ஐந்து வகுப்புகளையும் தனியே சமாளித்ததில் அவர் அதை மறந்தே போனார்.

இன்று கந்தோரிலிருந்து அதிகாரி வந்திருந்தார். பாடம் முடிந்ததும் அருந்ததியைப் பார்த்து, "இண்டைக்கு றேடியோவில என்ன படிச்சனி?" என்று கேட்டார். கேள்வி அவளுக்கு விளங்கியது. அவருடைய வாயைப் பார்த்தே பிடித்துவிட்டாள். பதில்தான் அந்தப் பெட்டிக்குள் இருந்தது. அவள் விழித்தாள். வகுப்பு சிரித்தது.

யோகநாதனுக்கு அவமானமாகப் போய்விட்டது. "மொக்கு! வாங்கில ஏறி நில்!" என்று கத்தினார். அந்தச் சொல்லையும் அவள் அவருடைய வாயில் பார்த்தாள்.

மறுநாள் அவள் வரவில்லை. ஒரு வாரம் கழிந்த பிறகுதான் ரீச்சர் சொன்னது அவருக்கு நினைவு வந்தது. சைக்கிளை எடுத்துக்கொண்டு அவளைத் தேடிப் போனார்.

அருந்ததி தாய் விமலேஸ்வரியோடு வயலில் புல்லுப் பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

"பிள்ளை, நான் பிழை விட்டிட்டன்..." என்று அவர் தொடங்கியதுமே அவள் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள். இனி அவர் எதைச் சொன்னாலும் அவளை எட்டாது.

தாய்தான் பேசினாள். "ரீச்சர் போன நாளில இருந்து இவள் கொப்பியில ஒரு எழுத்தும் எழுதேல்லை, ஐயா. பெட்டி நல்லாக் கதைக்குதாம். என்ர பிள்ளைக்கு விளங்கேல்லை எண்டு அதுக்கு ஆர் சொல்லுறது?"

அவர் சைக்கிளைத் திருப்பினார். அன்று பின்னேரமே கந்தோருக்கு எழுதினார்: "றேடியோ இருக்கட்டும், ஆசிரியையைத் திருப்பித் தாருங்கள். கருவி பாடம் சொல்லும். எந்தப் பிள்ளைக்கு அது விளங்கவில்லை என்று முகம் பார்த்து அறிய மனிதர்தான் வேண்டும். ஆசிரியருக்குத் துணையாக வரவேண்டியதை ஆசிரியருக்குப் பதிலாக ஏற்றுக்கொண்டது என் குற்றம்."

அந்தப் பதவியே நீக்கப்பட்டுவிட்டதாகப் பதில் வந்தது. அருந்ததி திரும்பி வரவேயில்லை. வருட முடிவில் வரவு இடாப்பிலிருந்து அவள் பெயரை யோகநாதன் தன் கையாலேயே வெட்டினார்.