நூறில் ஐந்து

சூடான உலோகத்தை அளக்காதே என்பதுதான் எங்கள் பட்டறையில் முதல் பாடம். துறைமுகத்தடிக்கு வேலைக்கு வருகிறவனுக்குத் தேத்தண்ணி எங்கே கிடைக்கும் என்று சொல்வதற்கு முன்பே போர்மன் றிஸ்வி இதைச் சொல்லிவிடுவார். கடைந்து எடுத்த பித்தளை கையைச் சுடும். அந்தச் சூட்டில் அது கொஞ்சம் பருத்திருக்கும், ஆறினால் சுருங்கும். ஆகவே எதுவானாலும் என் மேசையில் ஒரு மணித்தியாலம் கிடந்த பிறகுதான் அளப்போம். பதினெட்டு வருஷமாக இந்தப் பட்டறையில் குணேஸ்வரி என்ற நான் சொன்னதுதான் அளவு. நான் ஒன்றும் தெரியாமல் செய்யவில்லை என்பதற்காகத்தான் இதை முதலில் சொல்லி வைக்கிறேன்.

பஹ்மியா கிண்ணியாக்காரி. தொழில்நுட்பக் கல்லூரியில் படித்துவிட்டு வந்து, இரண்டு வருஷம் எங்களிடம் தற்காலிக ஆளாக இரும்புத்தூள் கூட்டினாள். யாராவது வேலைக்கு வராத நாளில் லேத் என்ற கடைசல் இயந்திரத்தில் நிற்க விடுவார்கள். நின்றால் நன்றாகச் செய்வாள். இந்த வருஷம் லேத்துக்கு நிரந்தரமாக ஒருவரை எடுக்க அனுமதி வந்தது. முப்பது வயதைத் தாண்டியவர்களை எடுக்கமாட்டார்கள். அவளுக்கு அடுத்த மாதம் முப்பது முடிகிறது. இதை விட்டால் இங்கே அவளுக்கு வேறு வழியில்லை என்பது பட்டறையில் எல்லோருக்கும் தெரியும். அவளோடு போட்டிக்கு நின்றது முனீப், றிஸ்வியின் தங்கை மகன்.

எனக்கு அவளைப் பிடிக்காது. ஒருநாள் எல்லோருக்கும் முன்னால், என் மைக்ரோமீற்றர் யன்னலோரம் வெயிலில் கிடந்ததென்றும் அதுவும் சூடாகியிருக்கும், அதால் அளந்தால் அளவு பிழையாக வரும் என்றும் சொன்னாள். மரியாதையாகத்தான் சொன்னாள். ஆனால் ஆம்பிளைகள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்கி ஆறு மாதமாகியும் என் காது ஆறவில்லை. அவள் சொன்னது சரி என்பதுதான் என்னால் பொறுக்க முடியாமல் இருந்தது.

கரையில் ஏற்றி வைத்திருந்த ஒரு மீன்பிடிப் படகுக்குப் பித்தளை புஷ் தேவைப்பட்டது. படகைத் தள்ளும் விசிறியின் தண்டு இந்த வளையத்துக்குள்ளால்தான் போகும். இதையே பரீட்சையாக வைத்தார்கள். படகின் துளையில் அது இறுகி உட்கார, வெளிவிட்டம் சரியாக எண்பது மில்லிமீற்றர் இருக்க வேண்டும், பன்னிரண்டு மணிக்குள் முடிக்க வேண்டும். தகரக் கூரைக்குக் கீழே நெருப்பாக எரிந்தது. இருவரும் பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது கடைசி வெட்டை முடித்தார்கள். ஒரு மணித்தியாலம் பொறுப்போம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். றிஸ்வி என்னைப் பார்த்தார், நான் மைக்ரோமீற்றரை எடுத்தேன்.

முனீபுடையது எண்பது. பஹ்மியாவுடையது எண்பதுக்கு மேல் நூறில் ஐந்து மில்லிமீற்றர், ஒரு தலைமயிரின் தடிப்புக்கூட வராது.

பார்க்க வந்திருந்த அலுவலக மனேஜருக்குப் பித்தளை தங்கம் வித்தியாசம்கூடத் தெரியாது. அவரிடம் அவள் நேரே சொன்னாள்.

"இப்ப சூடா இருக்கு சேர். ஆறினா எண்பதுக்கு வரும். கணக்குப் பாத்துத்தான் அவ்வளவு விட்டனான்."

மனேஜர் என் பக்கம் திரும்பி, ஆறினால் அளவு மாறுமா என்று கேட்டார். பட்டறையில் ஒரு லேத்கூட ஓடவில்லை. அவள் என்னைப் பார்த்த பார்வையில் பயமே இல்லை. அக்காவுக்குத் தெரியும், சொல்லுவா என்று நம்பிக்கொண்டு நின்றாள். அந்த நம்பிக்கை எனக்கு எரிச்சலைத்தான் கிளப்பியது.

"அவ்வளவுக்கு மாறாது சேர்," என்றேன்.

மனேஜர் முனீபின் பெயருக்கு எதிரே கையெழுத்துப் போட்டார். பஹ்மியாவின் தற்காலிக வேலையும் அந்தக் கிழமையோடு முடிந்தது என்றார்கள். அவள் கையைக் கழுவிவிட்டு வெளியே போனாள்.

ஒரு மணிக்கு இரண்டு புஷ்ஷையும் மறுபடி அளந்தேன். யாரும் கேட்கவில்லை, பழக்கதோஷம். முனீபுடையது நூறில் ஐந்து குறைந்துபோயிருந்தது. படகில் போட்டால் கலகலக்கும், உருக்கத்தான் உதவும். பஹ்மியாவுடையது எண்பது. ஒரு கோடு அங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லை. என் பதினெட்டு வருஷத்தில் இப்படிக் கணக்குப் பார்த்து வெட்டின ஒருவரை நான் கண்டதில்லை.

றிஸ்விக்குக் காட்டினேன். அவர் இரண்டையும் கையில் எடுத்துப் பார்த்தார். பிறகு, படகுக்காரன் பின்னேரம் இறக்கக் கேட்கிறான், அவளுடையதையே போடுவோம், செய்தவன் என்று முனீபின் இலக்கத்தை அதில் குத்திவிடு என்றார். மருமகன் உடைத்தால் பொன்குடமாக்கும் மனிதர். குத்தினேன்.

மூன்று மணிக்குக் காவலாளி வந்து, வாசலில் ஒரு பிள்ளை என்னைக் கேட்கிறது என்றான். பஹ்மியா இன்னும் கிண்ணியா பஸ் ஏறவில்லை. வெயிலில் நின்று முகம் கறுத்திருந்தது.

"அக்கா, ஆறினாப் பிறகு அளந்தீங்களா?"

"ஓம், அளந்தனான்."

"எவ்வளவு?"

உள்ளதைச் சொன்னால் என்ன நடக்கும் என்று யோசித்தேன். அவள் மனேஜரிடம் ஓடுவாள். என் வாயால் சொன்ன பொய் என் மேசைக்கே திரும்பி வரும்.

"அப்பவும் கூடத்தான். நூறில் நாலு."

அவள் தலையை ஆட்டினாள். விரல்களை மடக்கி மடக்கி எதையோ திரும்பக் கணக்குப் பார்த்தாள், பிறகு விட்டுவிட்டாள். வேறு பட்டறையில் கேட்டுப் பார்க்கலாமென்று இருந்ததாகவும், கணக்கே பிழை என்றால் இனி எந்த முகத்தோடு கேட்பது என்றும் சொன்னாள். ஆனைக்கும் அடி சறுக்கும் என்று நானும் ஆறுதல் சொன்னேன். இப்படியொரு ஆறுதலைச் சொல்ல எனக்கு எப்படி நா எழுந்ததோ தெரியாது.

அந்த நேரம் கரையிலிருந்து சுத்தியல் சத்தம் கேட்டது. படகுக்குள் புஷ் இறக்குகிறார்கள். அவள் போகாமல் நின்று கேட்டாள். ஒவ்வொரு அடிக்கும் சத்தம் கனத்து வந்தது. கடைசி அடி மதிலில் அடித்ததுபோல் இறுகி விழுந்தது.

"நல்லா இறுகி இருந்திட்டு," என்றாள். "முனீப் சரியான அளவில வெட்டியிருக்கான் அக்கா. நான்தான் சும்மா அவன்ட வேலையைக் குறைவா நினைச்சிட்டன்."