ஐரின் முகம் திருப்பிய நாள்

ஐரினுக்கு வாய் சும்மா இருக்காது. நாகல் நகர் வீட்டிலிருந்து பஸ் நிறுத்தம் போவதற்குள் பதினைந்து பேரிடமாவது சாப்பிட்டாச்சா என்று கேட்டுவிடுவாள். வழியில் கட்டிக் கிடக்கும் ஆட்டிடமும் கேட்பாள். அப்படிப்பட்டவளுக்கு வேலை கிடைத்தது ஒரு குடும்ப ஆலோசனை மையத்தில்.

முதல் நாளே அங்கே பிராங்க்ளின் சார் ஒரு விதி சொன்னார். மையத்துக்கு வருகிறவர்களை வெளியில் பார்த்தால், அவர்களாகப் பேசாதவரை நாம் தெரிந்ததாகவே காட்டிக்கொள்ளக் கூடாது. இவளை உனக்கு எப்படித் தெரியும் என்று கூட இருக்கிறவர்கள் கேட்டால் அவர்கள் என்ன சொல்லுவார்கள், பாவம். ஐரினுக்கு அது நியாயமாகப் பட்டது. அன்றிலிருந்து மையத்து ஆட்கள் யாராவது எதிரே வந்தால், டக்கென்று முகத்தைத் திருப்பிப் பஞ்சர் கடை டயரையோ கரண்டுக் கம்பியையோ பார்ப்பாள்.

புதன்கிழமை தோறும் சுந்தரம்மாள் வருவாள். பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருக்கிறவள். அவள் விலை சொன்னால் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்கும். பல் டாக்டரைப் பார்க்கப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு வருவாள். ஏழு புதன்கிழமை ஆனதில், இன்னும் பல் மிச்சம் இருக்கிறதா என்று மார்க்கெட்டில் ஆளாளுக்கு அவள் வாயை எட்டிப் பார்க்க ஆரம்பித்திருந்தார்கள்.

வந்தது மருமகள் விஷயமாக. சொல்லக் கூடாத ஒரு வார்த்தையைச் சுந்தரம்மாள் சொல்லிவிட, அந்தப் பெண் கைக்குழந்தையோடு பழனிப் பக்கம் ஆயக்குடியில் தாய்வீட்டுக்குப் போய் மூன்று மாதம் ஆகிவிட்டது. அத்தை தன் வாயால் தப்பு என்று சொன்னால் வருவேன், மாசக் கடைசி வரைக்கும் பார்ப்பேன், இல்லையென்றால் கோயம்புத்தூரில் அக்கா வீட்டோடு போய் வேலையில் சேர்ந்துவிடுவேன் என்று சொல்லியனுப்பியிருந்தாள்.

அதற்குத்தான் ஒத்திகை. ஐரின் மருமகளாக நாற்காலியில் உட்காருவாள். சுந்தரம்மாள் எதிரே நின்று தொண்டையைச் செருமிக்கொண்டு, "நான் பேசினது" என்பாள். அதோடு இருமல் பிடித்துக்கொள்ளும்.

"சாயந்தரம் வரைக்கும் இருமச் சொன்னாலும் இருமுறேன் தாயி. அந்த ஒரு சொல்லு மட்டும் வர மாட்டேங்குது."

இங்கே வருவது ஈ காக்கைக்குத் தெரிந்தாலும் இந்தப் படியை மிதிக்க மாட்டேன் என்றும் சொல்லியிருந்தாள். அப்புறம் மார்க்கெட்டில் எவன் அவளுக்குப் பயப்படுவான்?

மாசம் முடிய ஐந்து நாள் இருக்கும்போது பக்கத்துத் தெருக் கருப்புசாமி வீட்டுக் காதுகுத்து வந்தது. மண்டபத்தில் சீரகச் சம்பா பிரியாணி வாசனை. ஐரின் தன் அம்மா சிவனம்மாளோடு போயிருந்தாள். பந்திக்கு முன் கைகழுவிவிட்டுத் திரும்பும்போது, பெண்கள் நடுவில் அம்மா உட்கார்ந்து பெருமையாகப் பேசுவது காதில் விழுந்தது.

"யாரும் எங்கிட்டச் சொல்லலை, நானாக் கண்டுபுடிச்சது. எம்மக எல்லாருகிட்டயும் பல்லைக் காட்டுவா. எவுகளைப் பாத்து மூஞ்சியைத் திருப்புறாளோ, அவுகதான் அங்க போறவுக. வேணும்னா இன்னைக்குப் பாருங்க."

ஒரு வார்த்தை வெளியே விடாமல் ஐரின் காத்ததையெல்லாம் அவள் கழுத்தே காட்டிக்கொடுத்திருக்கிறது. பெண்கள் சினிமா பார்க்கிற மாதிரி நாற்காலிகளை அவள் பக்கம் திருப்பிப் போட்டார்கள். அந்த நேரம் பார்த்து, சீர்த் தட்டோடு சுந்தரம்மாள் வாசலில் ஏறினாள். ஏறியவளை ஒருத்தி பிடித்து நிறுத்தி, சிவனம்மாள் கண்டுபிடித்ததை அப்படியே காதில் ஓதினாள். சுந்தரம்மாள் தட்டைத் தூக்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டாள்.

முகத்தைத் திருப்பினால் அம்புட்டுத்தான், தெரிந்துபோகும். சிரித்தால் பிராங்க்ளின் சார் சொன்ன விதி போச்சு. வெளியே ஓடலாம் என்றால் இருப்பது ஒரே வாசல்.

அப்போது கருப்புசாமி கையைக் கூப்பிக்கொண்டு, "வா தாயி, சாப்டியா?" என்று எதிரே வந்தார். ஐரின் சட்டென்று முகத்தைத் திருப்பி மின்விசிறியைப் பார்த்தாள்.

பெண்கள் கூட்டத்தில் ஒரு மூச்சு இழுக்கும் சத்தம். கருப்புசாமியா?

ஐரினுக்கு உள்ளே ஏதோ கழன்றுகொண்டது. தலையைத் தூக்கிக்கொண்டு மண்டபத்தில் நடந்தாள். தாய்மாமன் சிரித்தார், தூணைப் பார்த்தாள். சமையல்காரர் கூப்பிட்டார், தரையைப் பார்த்தாள். போட்டோக்காரருக்கு முதுகைக் காட்டினாள். மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய குழந்தை, காது குத்தின அழுகையை நிறுத்தி அவளைப் பார்த்துச் சிரித்தது. அதற்கும் திருப்பினாள்.

"பச்சப்புள்ளைக்கு என்னடி குடும்பப் பிரச்சினை?" என்றாள் ஒருத்தி.

சிவனம்மாள் பதறி எழுந்து வந்தாள். ஐரின் அவளையும் தாண்டிச் சுவரைப் பார்த்தாள். "ஏங்க்கா, நீங்களுமா?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. மண்டபத்தில் எல்லாரும் எல்லாரையும் ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். அந்தக் கலவரத்தில் ஐரின் சுந்தரம்மாளையும் கடந்து போனாள். இருநூறு பேரில் ஒருத்தியாக அவளிடமும் முகத்தைத் திருப்பினாள். யாரும் கவனிக்கவில்லை.

பந்தியில் ஐரினுக்கு எதிர் வரிசையில் சுந்தரம்மாள் உட்கார்ந்தாள். ஐரின் இலையை விட்டுத் தலையைத் தூக்கவில்லை. ஆனாலும் அந்தம்மாளின் உடம்பு குலுங்குவது தெரிந்தது. அழுகிறாளோ என்று பயந்து ஓரக்கண்ணால் பார்த்தாள். சிரிப்பு. கண்ணில் தண்ணீர் வர, சேலைத் தலைப்பை வாயில் வைத்து அடைத்துக்கொண்டு சிரிக்கிறாள்.

சிரிப்பு அடங்கியதும் போனை எடுத்தாள். ஐரின் கையில் பிரியாணி அப்படியே நின்றது.

"ஏத்தா, அத்தை பேசுறேன். வச்சிராத." பூ மார்க்கெட் குரல். பரிமாறுகிறவர்கள் வாளியோடு நின்றார்கள். "நாலு பேரு முன்னாடி சொல்றேன், கேட்டுக்க. நான் பேசினது தப்பு."

இருமல் வரவில்லை.

அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, சுந்தரம்மாள் குரல் ஐரின் இதுவரை கேட்காத அளவுக்குச் சன்னமாகிவிட்டது. "சரித்தா. இப்பவே பழனி பஸ் ஏறி வாரேன். பிள்ளை முழிச்சிருக்கானா?" என்றாள். பாதிச் சாப்பாட்டில் இலையை மூடிவிட்டு எழுந்து போனாள். ஐரின் பக்கம் திரும்பவே இல்லை.

ஊர்க் கண்ணுக்கு ஒரு பெண் இம்புட்டு நேரம் கிறுக்காக நிற்கும்போது, ஒரு சொல்லுக்கு நமக்கென்ன வெட்கம் என்று நினைத்திருப்பாளோ? ஐரின் கேட்கவும் முடியாது. எழுந்து நின்று கூத்தாட வேண்டும்போல இருந்தது. ஓடிப்போய் யார் கழுத்தையாவது கட்டிக்கொண்டு சொல்ல வேண்டும்போல இருந்தது. அதற்கும் வழியில்லை. கெட்ட சேதியைப் பூட்டிவைப்பது இதைவிட எளிது. தயிர் வெங்காயத்தை அள்ளி வாயில் திணித்துக்கொண்டாள். அப்படியும் சிரிப்பு மூக்கு வழியாக வந்தது.

"பெத்தவளையே யாருன்னு கேக்குற மாதிரி போன, இப்ப என்னடி சிரிப்பு?" என்று சிவனம்மாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அந்தம்மா யாரு, திடீர்னு எந்திரிச்சுப் போறா?"

"தெரியலையேம்மா," என்றாள் ஐரின். "நீ சாப்டியா?"