ஏசி அறையில் இருந்த பாட்டில்

எங்கள் வீட்டுக்கு இரண்டு மருமகள்கள். மூத்தவள் நான், குளிர்பானத் தொழிற்சாலை லேபில் பதினான்கு வருடமாகக் குப்பை கொட்டுகிறேன். சின்னவள் என் கொழுந்தனின் மனைவி, செல்போன் முன்னால் உட்கார்ந்து பேசி வீடியோ போடுகிறவள். 'கூல்டிரிங்க்ஸில் விஷம்' என்று போன மாதம் ஒன்று போட்டாள். நாற்பதாயிரம் பேர் பார்த்திருக்கிறார்கள். என் பதினான்கு வருட ரிப்போர்ட்டுகளை மேனேஜரைத் தவிர ஒரு ஈ காக்கா புரட்டியதில்லை.

எனக்கு வயிற்றெரிச்சல்தான். மழுப்பி என்ன ஆகப்போகிறது? பேசும்போது அவள் முடியை ஒதுக்கிவிடும் அழகுக்கே பாதி லைக் விழுகிறது. நான் ஒதுக்கினால் தொப்பிக்குள் முடி போகவில்லை என்று சூப்பர்வைசர் திட்டுவார்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். எட்டாவது படிக்கும் என் மகளும் அவள் கட்சியில் சேர்ந்துவிட்டாள். நான் ஃபிரிட்ஜில் வைத்த லெமன் சோடாவைத் தொடுவதில்லை.

"கெட்டுப்போகாம இருக்க ஒரு உப்பு போடுறீங்கல்ல, அதுவும் வைட்டமின் சியும் சேர்ந்தா பென்சீன் வருமாம். கேன்சர் வருமாம். சித்தி சொன்னாங்க."

"எவ்வளவு வருதுன்னு உங்க சித்தி அளந்து பார்த்தாளா?"

"நீ பார்த்தியாம்மா?"

சுருக்கென்றது. வருடத்துக்கு ஒருமுறை பார்க்கிறோம். கேட்ட விதம் அப்படியே அவள் சித்தி.

வரும் வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்தில் இதைப் பற்றிப் பேச சின்னவளைக் கூப்பிட்டிருந்தார்கள். டீச்சரிடம் சொல்லி ஏற்பாடு செய்ததே என் மகள்தான். பெற்ற தாய் அதே பாட்டிலை அன்றாடம் சோதிக்கிறாள், அவளைக் கூப்பிட ஒருவருக்கும் தோன்றவில்லை. இருக்கட்டும், ரிப்போர்ட்டோடு போய் எல்லார் முன்னாலும் அவள் மூக்கை உடைக்கிறேன் என்று முடிவு செய்தேன்.

ஒவ்வொரு முறை தயாரிக்கும்போதும் ஆறு பாட்டிலை எடுத்து லேபின் ஏசி அறையில் வைத்திருப்போம், பின்னால் புகார் வந்தால் பார்க்க. அதில் ஒன்றை எடுத்து மெஷினில் போட்டேன். பென்சீன்: கண்டறியப்படவில்லை. தாளை மடித்துக் கைப்பையில் வைத்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை.

சாயங்காலம் மகள் முன்னால் நீட்டினேன். படித்தாள்.

"இது எங்க எடுத்த பாட்டில்?"

"லேப்லதான்."

"அந்த ஏசி ரூம்லயா? நாங்க குடிக்கிறது அங்கேருந்து வர்றதில்லையே."

"இதுவும் உங்க சித்தி சொல்லிக்கொடுத்ததா?"

"இல்லம்மா. சாம்பிள் எங்க எடுத்ததுன்னு சொல்லாம ரிசல்ட்டைக் கொண்டு வர்றாங்கன்னு நீதானே தினம் புலம்புவ."

மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு எதிர்க்கடைக்குப் போனேன். அலங்காரமாக எங்கள் பாட்டில்களைக் கண்ணாடி ஓரம் அடுக்கியிருந்தார்கள். வெயில் பட்டு லேபிள் வெளுத்திருந்தது. இரண்டு எடுத்தேன், கை சுட்டது.

"உள்ள சில்லுனு இருக்கும்மா, அதை எடுத்துக்குங்க" என்றார் கடைக்காரர்.

"இல்லண்ணே, இதுதான் வேணும்."

லேபுக்குக் கொண்டுபோய் மெஷினில் போட்டேன். குடிநீரில் இருக்கலாம் என்று வைத்திருக்கும் அளவைப் போல இரண்டு மடங்கு பென்சீன். இரண்டாவது பாட்டிலிலும் அப்படியே. எனக்கு முதலில் அந்தக் கடையில் வாங்கிக் குடிக்கும் பிள்ளைகள் ஞாபகம் வரவில்லை. சின்னவளுக்குத் தெரிந்தால் எப்படித் துள்ளுவாள் என்றுதான் நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் வெட்கமாக இருந்தது.

மேனேஜரிடம் காட்டினேன். முகம் சுண்டிப்போனாலும், வெயிலில் வைத்த பாட்டிலையெல்லாம் திரும்ப எடுக்க ஆளனுப்பினார். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு சின்னவள் வீட்டுக்குப் போய் அந்த ரிசல்ட் தாளைக் கொடுத்தேன்.

"அப்போ நான் சொன்னது நிஜம்தானாக்கா?" அவள் கண் பளபளத்தது.

"பாதி நிஜம். ஒண்ணு ரெண்டு குடிச்சா ஒண்ணும் ஆயிடாது. வெயில்ல கெடந்ததைத் தினமும் குடிக்கக் கூடாது. நிழல்ல, குளிர்ச்சியா இருந்ததுல ஒண்ணுமே இல்ல. அதையும் சேர்த்துச் சொல்லு."

"அதுக்கும் பேப்பர் இருந்தா குடுங்கக்கா. பேப்பர் இல்லாம சொன்னா, சொந்தக்காரங்க கம்பெனிக்கு ஜால்ரா போடுறேன்னு சொல்லுவாங்க."

"அது லேப்ல இருக்கு" என்றேன். மடியில் இருந்த கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவள் மேடையில் விஷம், விஷம் என்று கத்தட்டும். நான் எழுந்து அந்தத் தாளைப் பிரிக்கிறேன்.

"நீங்களே வந்து பேசுங்களேன்க்கா."

"எனக்கு எங்க பேச வருது?"

சரி என்று விட்டுவிட்டாள். இன்னொரு தடவை கேட்டால் குறைந்தா போய்விடுவாள்?

வெள்ளிக்கிழமை அவள் கத்தவில்லை. கையில் இருந்த தாளை மட்டும் படித்தாள். "எங்க அக்கா அளந்து பார்த்தது" என்று என் பக்கம் கைகூடக் காட்டினாள். இரண்டு மடங்கு என்றதும் பிள்ளைகள் வாயில் கைவைத்தார்கள். முன்வரிசையில் ஒரு சின்னப் பெண் தன் பையிலிருந்து பாட்டிலை எடுத்துப் பார்த்துவிட்டு அழத் தொடங்கினாள். நிழலைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் எழுந்திருக்க வேண்டிய இடம் அதுதான். என் பெயரையே அவள் சொல்லிவிட்ட பிறகு யார் மூக்கை உடைப்பது? உட்கார்ந்தே இருந்தேன். கைதட்டல் முடிய வெகுநேரம் ஆனது. என் மகள் எழுந்து நின்று தட்டினாள்.

பிறகு என்னிடம் வந்தாள். "ஏம்மா, அந்த முதல் ரிப்போர்ட்டை சித்தி சொல்லவே இல்ல?"

"நான் குடுக்கல."

"ஏன்?"

ஆயிரம் சாக்கு நாக்கு நுனிவரை வந்தது. அந்தச் சின்னப் பெண் இன்னும் அழுதுகொண்டிருந்தாள்.

"பொறாமைடி" என்றேன்.

மகள் சிரிக்கவில்லை. என் பையைத் திறந்து தாளை எடுத்து என் கையில் வைத்துவிட்டு, மைக் இருந்த பக்கம் பார்த்தாள். சின்னவள் இன்னும் அங்கேதான் நின்றாள், பாவி, அப்போதும் அழகாக. நான் அவளை நோக்கி நடந்தேன்.