ஆறு மூலிகைத் தண்ணீர்

என் புருஷன் வீரமலை தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தார். திருச்சி சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் டவுன் பஸ் ஓட்டுகிறவர். சீட்டுக்குப் பக்கத்தில் மூன்று பாட்டில் வைத்தும் பத்தவில்லை. "வெயில்ல இஞ்சின் பக்கத்துல உக்காந்து பாரு, அப்பத் தெரியும்" என்பார்.

நான் சும்மா இருப்பேனா? ஸ்ரீரங்கத்தில் பதினோரு வருஷமாக நாட்டு மருந்துக் கடை வைத்திருக்கிறேன். தீராத தாகத்துக்கு ஆயுர்வேதம் சொல்லும் ஆறு சரக்கும் எனக்கு மனப்பாடம்: கோரைக்கிழங்கு, பற்படாகம், வெட்டிவேர், சந்தனம், இருவேலி, சுக்கு. இடித்துப் போட்டு, தண்ணீர் பாதியாகும்வரை காய்ச்சி, ஆறவைத்துக் கொடுத்தேன். "கசக்குதே ஜோதி" என்று முகத்தைச் சுளித்தார். கடைக்கு வருகிறவர்களும் இதையேதான் சொல்வார்கள். பனங்கற்கண்டு சேர்த்துக் கொடுப்பேன். அவருக்கும் ஒரு கை அள்ளிப் போட்டேன். மடமடவென்று குடித்தார்.

தாகம் கூடியதே தவிர குறையவில்லை. எனக்கோ வீம்பு. தினம் ஒரு பாட்டில் கொடுத்ததை மூன்றாக்கினேன், கற்கண்டையும் கூட்டினேன். பத்தே நாளில் பேண்ட் அவர் இடுப்பில் நிற்கவில்லை. "ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வரலாமா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"மருந்துக்கடைக்காரி புருஷன் ஆஸ்பத்திரி வரிசையில நிக்கிறதா? ஊர் சிரிக்கும்!" என்று எரிந்து விழுந்தேன். மனுஷன் பெல்ட்டை இன்னும் ஒரு ஓட்டை இறுக்கிக்கொண்டு வேலைக்குப் போனார்.

மறுநாள் காலை பக்கத்து வீட்டுக் கமருன்னிசா அக்கா கடைக்கு வந்து அதே ஆறு சரக்குப் பொட்டலம் கேட்டார். கற்கண்டு டப்பாவைத் திறக்குமுன் எல்லோரிடமும் கேட்பதையே அவரிடமும் கேட்டேன்: "குடிக்கிறவங்களுக்குச் சர்க்கரை வியாதி இருக்காக்கா?"

கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. ஊருக்கெல்லாம் கேட்டவள் வீட்டில் கேட்கவே இல்லை. முப்பத்தாறு வயசு, ஒல்லி உடம்பு, அவருக்கு என்ன வந்துவிடப் போகிறது என்று இருந்துவிட்டேன். அடிப்பாவி!

அவருக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. கடையை அக்காவிடம் விட்டுவிட்டு ஆட்டோ பிடித்தேன். காவிரிப் பாலத்தில் வண்டிகள் நகரவே இல்லை. "ஏதாவது பண்ணுங்கண்ணே" என்று ஆட்டோக்காரரைப் பிடுங்கி எடுத்தேன். எதிரில் வந்த ஒவ்வொரு பஸ்ஸிலும் அவர் முகத்தைத் தேடினேன்.

சத்திரத்தில் பஸ் நின்றிருந்தது. ஸ்டீயரிங்கில் தலை சாய்த்திருந்தார். "போர்டெல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியுது ஜோதி. அதான் வண்டிய எடுக்கல" என்றார்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை ஐந்நூற்று நாற்பது. ஊசி போட்டு, டிரிப்ஸ் ஏற்றி, "இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா கஷ்டம்மா" என்றார் டாக்டர். "இனிப்பு நிறைய சாப்பிடுவாரா?"

படுத்தபடி என் புருஷனே பதில் சொன்னார். "ஸ்வீட்ட தொடுறதே இல்லைங்க. என் சம்சாரம் குடுத்த மருந்துத் தண்ணி மட்டுந்தான். அதுலதான் இத்தனை நாள் தாங்குனேன்."

"அதுலதான் சார் இருந்துச்சு" என்றேன். "ஒரு நாளைக்குக் கால் கிலோ கற்கண்டு. நான்தான் போட்டேன்."

கட்டிலில் அவர் என் பக்கம் திரும்பினார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம்.

"நாக்கு வறளுது. தண்ணி குடு ஜோதி" என்றார்.

நர்ஸ் டம்ளரில் வெறும் தண்ணீரை ஊற்றி என்னிடம் நீட்டினார். வாங்க எனக்குக் கை வரவில்லை.