நோக்கத்தில் ஒரு பிழை

சுப்புராமன் சார் வாசித்து முடித்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். நான் தட்டவில்லை.

“பின்தங்கிய கடலோர மக்களுக்குக் கணினி அறிவை வழங்குவதே எமது நோக்கம்.”

கல்பாக்கம் டவுன்ஷிப்பில் அவர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். எங்கள் கட்டற்ற மென்பொருள் குழுவை அறக்கட்டளையாகப் பதிவு செய்யப்போகிறோம்; பத்திரத்தின் முதல் வரி இது. அங்கே கடலோர ஆள் நான் ஒருத்திதான். வழங்குகிறவர்களோடு காபி குடித்துக்கொண்டிருந்தேன், வாங்குகிறவளாக எழுதப்பட்டிருந்தேன்.

சுனாமிக்குப் பிறகு எங்கள் புதுப்பட்டினம் குப்பத்துக்கு ஊரே வழங்கியது. பாய், குடம், பழைய சுடிதார். வாங்கும்போது கேமராவைப் பார்க்கச் சொன்னார்கள். எங்கள் வீட்டில் முதல் பட்டம் வாங்கிய என் கையிலும் ஒரு குடத்தைக் கொடுத்துச் சிரிக்கச் சொன்னார்கள். நான் சிரிக்கவில்லை. அந்தப் படத்தை அவர்கள் எங்கேயும் போடவில்லை.

பத்திரத்தின் அந்த வரி தப்பு என்றேன். கூடுவாஞ்சேரியிலிருந்து வந்திருந்த ஐ.டி. கம்பெனிக்காரன் பிரவின்குமார், நன்கொடை தருகிறவர்களுக்கு இப்படி எழுதினால்தான் பிடிக்கும் என்றான். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“ஒரு வாக்கியம்தானேம்மா. மனசுல வெச்சுக்காதே.”

மனசில் வைத்துக்கொள்ளவில்லை. நேராக லோகுவிடம் கொண்டுபோனேன்.

லோகு என் சித்தப்பா மகன், கடைத்தெருவில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறான். நாங்கள் தமிழாக்கும் எந்த மென்பொருளும் முதலில் அவன் கடைக்குத்தான் போகும். வருகிறவர்களை அதில் உட்காரவைத்து, எங்கே தடுமாறுகிறார்கள் என்று பார்த்துச் சொல்வான். நான் அதைக் குழுவின் பிழைப் பட்டியலில் ஏற்றுவேன். மென்பொருளுக்கு உள்ள வழக்கம் நோக்கத்துக்கு மட்டும் ஏன் கூடாது?

அவன் இரண்டு தடவை படித்தான்.

“இன்னா தனம், யாரு இந்தப் பின்தங்கிய மக்கள்?”

“நாமதான்.”

“நாமளா? மூணு வருசமா இவங்க தப்பக் கண்டுபுடிச்சு நாமதான் குடுத்துகினு கீறோம். யாரு யாருக்கு வழங்கறது?” கொஞ்சம் யோசித்தான். “போட்டோ எப்ப எடுக்கறாங்க, சொல்லு. தல சீவிகினு வர்றேன்.”

அவன் சொன்னதை ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் பிழைப் பட்டியலில் ஏற்றினேன். பிழை இருக்கும் இடம்: நோக்கம், முதல் வரி. சொன்னவர்: லோகு.

மறுநாள் குழுவின் மின்னஞ்சலில் ஒரே களேபரம். இது மென்பொருளே இல்லை என்றார்கள். பிழை தீர்ந்தது என்று குறித்து மூடித் தொலைக்கலாம் என்றான் பிரவின்குமார். முடியாது. பிழையைச் சொன்னவர்தான் அதை மூடலாம், எழுதியவர் மூடக்கூடாது, மூடும்வரை எதையும் வெளியிடக்கூடாது. இந்த விதியை எழுதியவரே சுப்புராமன் சார்தான். அதை எடுத்து அவருக்கே அனுப்பினேன், வணக்கம்கூடப் போடாமல்.

பதிவு தள்ளிப்போனது. அம்மா பயந்தாள்; என் வேலைக்குச் சிபாரிசு செய்திருந்தவர் சார். எனக்கும் பயம்தான். ஆனால் அந்த வரிக்குக் கீழே என் கையெழுத்தைப் போட்டுவிட்டு எந்த வேலையில் போய் நிமிர்ந்து உட்காருவது?

ஞாயிற்றுக்கிழமை சார் போன் செய்தார். குரலில் கோபம் இருந்தது, மறைக்கவில்லை.

“ரூலை எழுதினவன் நான். எனக்கு மட்டும் விலக்கு கேட்டா அசிங்கம். நீயே எழுது. பிழை இருந்தா நான் சொல்றேன்.”

லோகு கடையில் உட்கார்ந்து எழுதினேன். முதலில் எழுதியது முழுக்க என் ஆத்திரம், அரைப் பக்கம். லோகு கொட்டாவி விட்டான். வெட்டினேன், இன்னும் வெட்டினேன். மிஞ்சியது இவ்வளவுதான்:

“மென்பொருள் செய்கிறோம். செய்ததைத் திறந்து வைக்கிறோம். தப்பு இருந்தால் சொல்லுங்கள். சொல்கிற ஒவ்வொருவரும் எங்களில் ஒருவர்.”

தனக்குப் பிழை தெரியவில்லை என்று சார் ஒரு வரி அனுப்பினார். கடலோரம் எங்கே போனது என்று பிரவின்குமார் கேட்டான். அறக்கட்டளையின் முகவரியில் இருக்கிறது என்றேன். பத்திரத்தில் நான் போட்டிருந்தது லோகு கடையின் முகவரி.

மூட வேண்டியது மட்டும் பாக்கி. என்னையே மூடச் சொன்னான் லோகு. சொன்னவன் நீ, நீதான் மூடணும் என்று நாற்காலியைத் தள்ளினேன். இத்தனை வருஷத்தில் அவன் பெயரில் பட்டியலில் ஒரு கணக்குக்கூட இல்லை. ஒற்றை விரலால் தேடித் தேடித் தமிழில் தன் பெயரை அடித்து, கணக்கு ஒன்று தொடங்கி உள்ளே போனான். அம்புக்குறி ‘மூடு’ வரைக்கும் வந்து நின்றது.

“இரு. இன்னொருக்கா படிக்கறேன்.”

திரைக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுபோனான். சிஸ்டம் காலியாகக் காத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து வந்து, அவன் தோளுக்கு மேலே எட்டிப் படிக்கத் தொடங்கினார்கள்.