பச்சை மை

கவுன்சிலராக இருந்த பதினோரு வருஷத்தில் மாமா ஒருவரையும் 'முடியாது' என்று திருப்பி அனுப்பியதில்லை. மனு வந்தால் சிரித்த முகத்தோடு, 'உடனே ஆவன செய்யவும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுவார். சூட்சுமம் பேனாவில் இருந்தது. நீல மை என்றால் வேலை நடக்க வேண்டும். பச்சை என்றால் மனு டிராயரில் தூங்க வேண்டும். இது தெரிந்தவர்கள் இரண்டே பேர்: அவரும், வார்டு ஆபீஸைக் கட்டி மேய்த்த அவருடைய மைத்துனனும்.

போன வருஷம் மாமா எம்.பி. ஆனார். ஏழு மாதத்துக்கு முன் மத்திய மந்திரி. ஊர் ஆபீஸை இன்னும் பார்த்துவந்த மைத்துனனுக்கு அன்றிலிருந்து தலைநகரத்திலிருந்து வந்த கடிதமெல்லாம் பச்சை. பெரிய இடத்துக்குப் போனதும் மாமாவுக்குக் கை இறுகிவிட்டது என்றுதான் அவன் நினைத்தான்.

பள்ளிக்கூடத்தை ஒட்டிய தண்ணீர்த் தொட்டியின் தூணில் விரிசல் என்று எதிர்க்கடைத் தையல்காரர் மந்திரிக்கே எழுதியிருந்தார். 'உடனே இடிக்கவும்' என்று திரும்பி வந்தது. பச்சைக் கையெழுத்து; மைத்துனன் டிராயரில் போட்டான். தையல்காரர் வந்து கேட்டபோதெல்லாம், மேலிடத்தில் சொல்லியாகிவிட்டது என்று சமாளித்து அனுப்பினான்.

இன்று காலை பத்தேகாலுக்குத் தொட்டி விழுந்தது. மூன்று பிள்ளைகள். அவர்களை இழுக்க ஓடிய தையல்காரர்.

மதியம் மாமா போனில் வந்தார்.

"இடிக்கச் சொல்லித்தானேடா எழுதினேன், மாப்ளே?"

"பச்சையில போட்டிருந்தீங்களே, மாமா."

மாமா குரலைத் தாழ்த்தினார்.

"இங்க மந்திரின்னா பச்சையிலதான்டா போடணும். நம்ம கணக்கு மறந்தே போச்சு."

மைத்துனன் டிராயரை இழுத்தான். பிதுங்கியது. ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸ், பாலத்துக்குக் கைப்பிடி, விதவைக்கு வேலை. எல்லாமே மாமா நிஜமாகவே செய்யச் சொன்னவை.

அதற்குள் மாமாவுக்கு மந்திரிக் குரல் திரும்பிவிட்டது. கடிதத்தின் நகல் பத்திரிகைக்காரர்கள் கைக்குப் போய்விட்டதாம். மறந்துவிட்டேன் என்று அவன் எழுதிக் கொடுத்தால் போதுமாம், வக்கீலை அவர் பார்த்துக்கொள்வாராம். பேனா விஷயம் மட்டும் வாயைத் தாண்டக் கூடாது.

"உங்க அக்கா முகத்துக்காகடா."

ஒரு மணி நேரத்தில் இன்ஸ்பெக்டர் வந்து, எதிரே உட்கார்ந்து வெள்ளைத்தாளை நீட்டினார். பேனா தரட்டுமா என்றார். இருக்கிறது என்றான்.

'கடிதம் வந்தது. நான் மறந்துவிட்டேன். மந்திரிக்கு இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை' என்று நீலத்தில் எழுதினான். பிறகு அந்தப் பேனாவை மூடி வைத்துவிட்டு, மற்றதை எடுத்துக் கையெழுத்துப் போட்டான்.

இன்ஸ்பெக்டர் தாளை மடித்துக்கொண்டு எழுந்தார்.

"மாமாவுக்கு ஒரு காப்பி அனுப்பிடுங்க, சார்," என்றான். "கலர் காப்பியா அனுப்புங்க."